கடைசி இடம் நம்மை ஒன்றும் செய்யவில்லை

பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் நண்பர்களுக்கும், எந்தக் குழுவிலும் சேராமல் சென்னையின் எஃப்சி அணியைப் பின்தொடரும் எல்லோருக்கும்,

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள ஊர். இங்கிருந்து ஐஎஸ்எல் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோதான் பார்க்கிறோம். நேரு ஸ்டேடியத்தில் மேளம் அடிப்பதும் பாட்டுக் கட்டுவதும் நீங்கள்; தூரத்தில் இருந்துகொண்டு கணக்குப் போடுகிறவர்கள் நாங்கள். அந்தக் கணக்கில்தான் எனக்கு ஒரு சந்தேகம். நம் அணியின் வரலாற்றை நாம் எப்படிச் சொல்லிவருகிறோம்? 2015-ம் 2018-ம் உச்சம். 2019-ம் 2025-ம் பள்ளம். நடுவில் இருப்பவை சும்மா வந்துபோன வருஷங்கள். அதாவது, புள்ளிப்பட்டியலையே நம் சரித்திரமாக வைத்திருக்கிறோம். இந்த அளவுகோல் தவறு, அதனாலேயே ஆதரவாளர்களாகிய நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இத்தனை ஆண்டுகளைக் கழித்துவிட்டோம் என்பதே என் வாதம்.

உச்சங்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2014-ல் மட்டராஸி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த முதல் சீசனிலேயே நம் அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. எலானோ 8 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று தோற்று, சென்னையில் மூன்று கோல் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரம் முடியப் போகும்போது ஸ்டீஃபன் பியர்சன் அடித்த ஒரே கோலில் கேரளாவிடம் வெளியேறினோம். அடுத்த ஆண்டு அதைவிட விசித்திரம். பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, சென்னை வெள்ளத்தில் மூழ்கிய மாதத்தில் எழுந்து நின்றது. ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புணேவில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். டிசம்பர் 20 அன்று ஃபடோர்டாவில் 90-வது நிமிடம் நெருங்கும்போது 2-1 என்று பின்தங்கியிருந்து, கோவா கோல்கீப்பரின் சுயகோலாலும் மென்டோசாவின் கடைசி அடியாலும் 3-2 என்று கோப்பையைத் தூக்கினோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே பெங்களூரு எஃப்சி-யை வென்றதைத் திட்டமிட்ட வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். சேத்ரி முதலில் கோல் போட்ட பிறகு, மெயில்சன் ஆல்வ்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் கார்னரிலிருந்து இரண்டு தலைமுட்டுக் கோல்கள்; பிறகு ரஃபேல் அகஸ்டோ; முடிவு 3-2. அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜெ போட்ட இரண்டு கோல்களுக்கு நடுவே, வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ் போட்ட ஒரு கோல் இருக்கிறது. பிற்பாடு சொல்லப்போகும் விஷயத்துக்காக அதை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பள்ளம். கோப்பை வென்ற அடுத்த சீசனில், 2018-19-ல், 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். இதைவிடக் கீழே போக இடமே இல்லை. அதனால் என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. ஐஎஸ்எல் அப்போது மூடிய லீக். கடைசி அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டதில்லை. அடுத்த சீசனும் மோசமாகத்தான் தொடங்கியது. ஜான் கிரகரி போய், 2019 டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். நான்காம் இடத்தில் தொத்திக்கொண்டு, கோவாவை இரண்டு ஆட்டம் சேர்த்து 6-5 என்று வென்று இறுதிக்குப் போனோம். 2020 மார்ச் 14 அன்று, கரோனாவால் பார்வையாளரே இல்லாத ஸ்டேடியத்தில் ஏடிகே-யிடம் 3-1 என்று தோற்றோம். பிறகு மூன்று சீசன் தொடர்ந்து எட்டாம் இடம். 2023-24-ல் ஆறாம் இடம், கோவாவிடம் தோற்று வெளியேற்றம். 2024-25-ல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது. பத்து ஆண்டில் முதலிடமும் கடைசி இடமும், இடையிலுள்ள பெரும்பாலான படிகளும் பார்த்தாயிற்று. இதில் எந்தப் படியும் அணியின் உயிருக்கு ஆபத்தாக இருந்ததில்லை. பயிற்சியாளர் மாறினார், வெளிநாட்டு வீரர்கள் மாறினார்கள், அடுத்த சீசன் வந்தது.

உயிருக்கு ஆபத்து வந்தபோது நாம் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் 2010-ல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய வேண்டியிருந்தது. நிறுவனம் சம்மேளனத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி கொடுக்கும், லீக்கின் வணிக உரிமைகளை அது வைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. புதுப்பிப்பது பற்றி முடிவு வராததால் 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. ஓரிரு நாளில் சென்னையின் எஃப்சியும் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. அக்டோபரில் சூப்பர் கோப்பைக்காக அணி மறுபடி கூடியது உண்மை. ஆனால் வணிக உரிமைக்கு விட்ட டெண்டருக்கு நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. லீக் பிப்ரவரியில் தொடங்கும் என்ற உறுதி 2026 ஜனவரியில்தான் கிடைத்தது. ஏறக்குறைய அரை ஆண்டு, தமிழ்நாட்டின் ஒரே ஐஎஸ்எல் அணி இருக்குமா இருக்காதா என்பது வேறு யாரோ, எங்கோ, நமக்குத் தெரியாத மேசையில் தீர்மானிக்கும் விஷயமாக இருந்தது. நம் வரலாற்றின் பெரிய பள்ளம் இதுதான். எந்தப் புள்ளிப்பட்டியலிலும் இது ஏறப் போவதில்லை.

கோப்பை காப்பாற்றும் என்று இன்னும் நம்புகிறவர்கள் கோயம்புத்தூரைப் பார்க்க வேண்டும். 2019 மார்ச் 9 அன்று அந்த ஊர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்ஸி 21 கோல். எட்வின் வான்ஸ்பால் உட்படத் தமிழ் வீரர்கள் பலர் ஆடிய அணி. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் அணி 26 சதவீதப் பங்கு வாங்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதைவிட நல்ல வருஷம் அமைவது கடினம். 2021-22 ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. ஐதராபாத்தும் இப்படித்தான்: 2022-ல் ஐஎஸ்எல் சாம்பியன், இரண்டே ஆண்டில் பட்டியலின் கடைசி, 2025-ல் உரிமம் டெல்லிக்குப் போய் வேறு பெயர், வேறு சின்னம். அதற்கும் முன்பு மஹிந்திரா யுனைடெட்டும் ஜேசிடியும் 2010, 2011-ல் கலைக்கப்பட்டவை. இரண்டுமே தேசிய லீக் வென்ற அணிகள். இந்தியக் கால்பந்தில் அணிகள் தோற்றுச் சாவதில்லை. உரிமையாளர் கணக்குப் பார்த்துக் கையை விரிக்கும் அன்றுதான் சாகின்றன, அன்று கிளப் அலுவலகத்து அலமாரியில் கோப்பை இருந்தாலும் சரி.

இங்கே முதல் மறுப்பு எழும்: ஜெயித்தால்தானே கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தானே பணம் வரும், பணம் இருந்தால்தானே அணி நிற்கும்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்து மாநிலம் இந்த வாதத்தை ஒரே பார்வையில் உடைத்துவிடுகிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்ற அணி. நம்மிடம் இரண்டு ஐஎஸ்எல் கோப்பை, அவர்களிடம் ஒன்றும் இல்லை. கூட்டம் யாரிடம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொச்சி ஆட்டத்தை ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்தாலே போதும். அங்கே மஞ்சப்படை என்ற ஆதரவாளர் அமைப்பு மாவட்டம் மாவட்டமாகக் கிளைவிட்டு வளர்ந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்று: 2024-25 சீசனில் அணியின் ஆட்டமும் நிர்வாகத்தின் போக்கும் சகிக்கவில்லை என்று மஞ்சப்படை வெளிப்படையாகப் போராட்டம் அறிவித்தபோது, ஆதரவாளர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாக நிர்வாகமே 2025 ஜனவரியில் சொல்ல வேண்டி வந்தது. கூட்டத்தை உண்டாக்குவது வெற்றி மட்டும் இல்லை. இது எங்களுடையது என்ற எண்ணம். அந்த எண்ணம் உள்ளவர்கள் கேட்கும்போது நிர்வாகம் காது கொடுக்கிறது. வெற்றிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2015-ல் தோற்றிருந்தால் நம்மில் பாதிப் பேர் இந்தக் கடிதத்தைப் படிக்கவே மாட்டோம். ஆனால் வெற்றி ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும், நிறுத்திவைக்காது. 2018 மார்ச்சில் இருந்த கூட்டமும் 2019 பிப்ரவரியில் இருந்த கூட்டமும் ஒன்றா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி ஆகியோர் நம் அணியில் தங்கள் பணத்தைப் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் கால்பந்து அணி நடத்திப் பணம் பார்த்தவர் யாரும் இல்லை. டிக்கெட் வாங்கியதைத் தவிர ஒரு ரூபாயும் போடாத நாம் எந்த உரிமையில் கணக்குக் கேட்பது? இதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நஷ்டம் அவர்களுடையது என்பது உண்மை. பத்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் ஆடும் மைதானம் யாருடையது? நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு அரசுடையது. பொதுப்பணத்தில் எழுந்து 1993-ல் திறக்கப்பட்டது. அணி தாங்கி நிற்பது ஒரு நகரத்தின் பெயரை. நிறுவனத்தின் பங்குகள் அவர்களிடம் இருக்கட்டும். ஊர்ப் பெயரிலும் பொது மைதானத்திலும் நமக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டால் இங்கே சிரிப்பார்கள், நானும் கேட்கவில்லை. நம் நாட்டு நடைமுறையைத்தான் கேட்கிறேன். மோகன் பகானோடு ஏடிகே என்ற பெயரை ஒட்டியபோது அந்த ஆதரவாளர்கள் மூன்று ஆண்டு விடாமல் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் வென்ற கையோடு அந்த மூன்றெழுத்தை எடுப்பதாக உரிமையாளரே அறிவித்தார். ஈஸ்ட் பெங்காலிலும் 2021-ல் முதலீட்டாளரின் ஒப்பந்தத்தை எதிர்த்து ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த முதலீட்டாளர் ஒரு சிமெண்ட் நிறுவனம் என்பதை அரியலூர்க்காரன் குறிப்பிடாமல் விட முடியாது. இந்த ஆதரவாளர்கள் யாரும் பங்குதாரர்கள் இல்லை. தங்கள் அணியின் பெயரையும் எதிர்காலத்தையும் பற்றித் தங்களைக் கேட்க வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

கொல்கத்தாவில் நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது, நம்மிடம் அது எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் தன்பால் கணேஷின் கோலை நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாட்டில் கால்பந்துக்கு வேர் இல்லை என்பது பொய். அது வியாசர்பாடியில் இருக்கிறது, கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர்ப் பக்கம் இருக்கிறது, கடலூரில் இருக்கிறது. மூத்தோர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு இரண்டு முறை வென்றிருக்கிறது: 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்றும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியாணாவை 2-1 என்றும். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதியும் சந்தியாவும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம். நட்சத்திர உரிமையாளரோ விளம்பர வெளிச்சமோ இல்லாமல் வந்த கோப்பைகள் இவை. நம் அணியோ 2019-ல் தன் முதல் ஆசியப் போட்டியான ஏஎஃப்சி கோப்பையின் சொந்த ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடியது. மாநிலத்தில் கோயம்புத்தூர் இருந்தது, திருச்சி இருந்தது. அவற்றில் அந்தத் தரத்துக்கான மைதானம் தயாராக இல்லை என்றால், ஏன் இல்லை என்று அன்றே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். கேட்கவில்லை. முந்தைய கோப்பையின் மயக்கமும் அந்த சீசனின் கடைசி இடத்து வருத்தமுமாக இருந்துவிட்டோம்.

சென்னையின் பெயரில் உள்ள அணிக்கு மாவட்டங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியம் என்ன என்று சென்னை நண்பர்கள் சிலர் நினைக்கலாம். மாவட்டத்தில் கபடிதானே ஓடும் என்பது அதன் மறுபாதி. கபடி ஓடும்தான், மறுக்கவில்லை. அதற்கும் கால்பந்துக்கும் சண்டை இல்லை. மாவட்டக் கால்பந்துக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் அல்ட்ராடெக், ராம்கோ, டால்மியா, செட்டிநாடு என்று பெரிய சிமெண்ட் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரம்பலூரில் எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறது. உள்ளூரில் கண்மருத்துவ முகாமும் பள்ளிக்குச் சுற்றுச்சுவரும் செய்கிற அதே நிதித் தலைப்பில், இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான லீக் ஒன்றை நடத்த முடியும். ஐஎஸ்எல் அணியின் பெயரும் பயிற்சியாளர்களும் வந்தால் ஆலை நிர்வாகத்தைக் கேட்பது எளிது. தனியாக எங்கள் ஊர் இளைஞர் மன்றம் போய்க் கேட்டால் இரண்டு பந்தும் ஒரு வலையும்தான் கிடைக்கும். அணிக்கு இதில் லாபம் இல்லையா? மாநிலம் முழுக்க இப்படி வேர்விட்ட அணியை 2025 ஆகஸ்டில் போல ஓர் அறிவிப்பில் நிறுத்துவது யாருக்கும் சுலபமாக இருக்காது. அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனு போகும். ஒரு நகரத்தின் ஒரு மைதானத்து நான்கு ஸ்டாண்டுகளில் மட்டும் இருக்கும் அணிக்கு அந்தக் காப்பு கிடையாது. சென்னை சிட்டி மறைந்தபோது கோயம்புத்தூருக்கு வெளியே யார் கேட்டார்கள்?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சியாளரை மாற்று என்று பதாகை பிடிப்பது நமக்குக் கைவந்துவிட்டது. ஸ்டிரைக்கர் சரியில்லை, ஜனவரியில் ஆள் எடுக்கவில்லை, நம் வீரர் தாப்பாவை மோகன் பகானுக்கு ஏன் விட்டார்கள் என்று இரவெல்லாம் வாதாடுவோம். அது நம் சந்தோஷம், அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் மைதான ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, இளையோர் அணிகளுக்குச் செலவு எவ்வளவு, உரிமையாளர் விலகினால் அணியின் பெயரும் சின்னமும் யாரிடம் போகும் என்று நம் குழுக்கள் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பொதுவில் வைத்து விவாதித்ததாக நான் அறியவில்லை. இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கொடுத்தபோது, அந்த ஆதரவாளர்கள் தாங்களே ஓர் அணி தொடங்கி ஒன்பதாம் பிரிவிலிருந்து ஏறி 2011-ல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். வீரக்கதைதான். ஆனால் அது எல்லாம் கைமீறிப்போன பிறகு செய்த வேலை. நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. 2025 அதன் வாசல்வரை காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

ஆகவே கேட்பது இது. உங்கள் இரு குழுக்களும் சேர்ந்து, வெளியூர் ஆதரவாளர்களையும் உள்ளடக்கி, கேரளாவில் ஒப்புக்கொண்டது போல ஓர் ஆலோசனைக் குழுவைச் சென்னையின் எஃப்சி நிர்வாகத்திடம் எழுத்தில் கோருங்கள். அந்தக் குழு பயிற்சியாளர் தேர்விலோ ஆட்ட உத்தியிலோ தலையிடக் கூடாது என்று நாமே முதல் வரியில் எழுதிக் கொடுப்போம். தலையிட ஆரம்பித்தால் ஆளுக்கு ஓர் அணி அறிவித்துக்கொண்டிருப்போம். மைதானம், இளையோர் அணி, அணியின் பெயரும் இருப்பும் ஆகிய மூன்றில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை தகவல் கேட்கும் உரிமை போதும். உரிமையாளர் விலகும் நிலை வந்தால் பெயரும் சின்னமும் சென்னைக்கு வெளியே விற்கப்படாது என்ற உறுதி அதில் இடம்பெற வேண்டும். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் அதன் நகலை அனுப்புங்கள். மைதானம் அவர்கள் கையில் இருப்பதால் அவர்களும் பதில் சொல்ல வேண்டிய தரப்புதான். நிர்வாகம் மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்கி வெளியிடுங்கள். அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன்பே கடிதம் போய்விடுவது நல்லது. முதல் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டால் யாருக்கும் இது நினைவிருக்காது, முதல் மூன்று ஆட்டம் தோற்றாலோ இதைக் கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கையெழுத்துகளைச் சேர்த்து அனுப்புவது எங்கள் பொறுப்பு. வரைவு தயாரானதும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு பழைய ஆதரவாளன்